மணிக்கு ஐந்து கிராம்: நீண்ட பயணத்துக்கு சாக்ஸ் பின்னல் திட்டம்

சில மாதங்கள் வெளிநாட்டில் தங்க வேண்டியிருக்கும் என்று உறுதியானதும் நான் முதலில் எடுத்தது டிஜிட்டல் தராசை. துணிமணி, மருந்து, காகிதங்கள் எல்லாம் வைத்த பிறகு பெட்டியில் பின்னல் வேலைக்கு மிஞ்சுவது அதிகம் போனால் ஒரு கிலோ. ஆசைப்பட்டு வாங்கி வைத்த நூல் அலமாரி நிறைய இருக்கிறது. எது பிடிக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் கிளம்பும் நாள் வரை முடிவு வராது. ஒரு மணி நேரம் பின்னினால் எத்தனை கிராம் தீர்கிறது என்று கேட்டால் பாதி நூல் தானாகவே அலமாரிக்குத் திரும்பிவிடும்.

கணக்கு இதுதான். சுற்றுக்கு 64 கண்ணி வைத்துப் பின்னும் ஒரு சாதாரண சாக்ஸில் கால்பகுதி, குதிகால், பாதம், விரல் முனை எல்லாம் சேர்த்துச் சுமார் 11,000 கண்ணி வரும். ஜோடிக்கு 22,000. நிமிடத்துக்கு 25 கண்ணி என்று நிதானமாகப் பின்னினால் பதினான்கு, பதினைந்து மணி நேர வேலை. முடிந்த ஜோடி ஏறத்தாழ 70 கிராம் இருக்கும். அதாவது மணிக்கு ஐந்து கிராம். தடித்த நூலில் ஒரு தொப்பி 100 கிராமை நான்கே மணி நேரத்தில் விழுங்கிவிடும். ஸ்வெட்டர் இன்னொரு விதத்தில் தொல்லை: பின்னப் பின்ன மடியில் கனத்துக்கொண்டே போகும், இறுக்கமான இருக்கையில் அதைத் திருப்பக்கூட இடம் இருக்காது. சாக்ஸோ முடியும் தறுவாயிலும் ஒரு கைக்குள் அடங்கும்.

கிராம் கணக்கு மட்டும் பார்த்தால் மெல்லிய லேஸ் நூல்தான் ஜெயிக்கும். 100 கிராமில் 800 மீட்டர் ஓடும் நூலில் ஒரு சால்வை போட்டால் மாதக்கணக்கில் வரும். ஆனால் லேஸுக்கு வரைபடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், யாரும் நடுவில் பேசக்கூடாது. பயணத்தில் இந்த மூன்றும் ஒன்றாக வாய்ப்பது அபூர்வம். ஆகவே இரண்டாவது அளவுகோல், கவனம்.

பயண நேரம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓடும் வண்டியில் கை மட்டும் வேலை செய்யும், கண் வெளியே இருக்கும். காத்திருக்கும் இடத்தில் எந்த நிமிடமும் எழுந்திருக்க வேண்டி வரும். தங்கும் இடத்தில் மேசையும் விளக்கும் உண்டு, ஆனால் அந்த நேரத்துக்கு வேறு வேலைகளும் போட்டியிடும். பலரும் இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வேலைகளைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அது தேவையில்லாத சுமையாகப் படுகிறது. சாக்ஸுக்குள்ளேயே மூன்று வகை வேலையும் இருக்கிறது. கால்பகுதியும் பாதமும் கண்ணை மூடிக்கொண்டு பின்னலாம். குதிகாலுக்குப் பிறகு அதைப் பாதத்தோடு இணைக்கும் முக்கோணப் பகுதியான கஸெட்டில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கண்ணிகளைக் குறைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தொடக்கத்தில் ஊசியில் கண்ணி ஏற்றுவது, குதிகால் திருப்புவது, விரல் முனையைத் தைத்து மூடுவது, இவற்றுக்குத்தான் மேசை வேண்டும். எனவே இரண்டு மூன்று சாக்ஸ்களை வெவ்வேறு கட்டத்தில் வைத்திருந்தால், எந்த நேரம் கிடைத்தாலும் அதற்குப் பொருத்தமான ஒன்று பையில் இருக்கும். என் திட்டம் முழுவதும் இந்த ஒரு யோசனைதான்.

நூல் விஷயத்தில் நான் பழமைவாதி. 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான், 100 கிராமுக்கு 400 முதல் 420 மீட்டர். முழுக்க முழுக்கக் கம்பளி என்றால் தொடுவதற்கு நன்றாக இருக்கும், குதிகாலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். தினமும் நடக்கும் பயணத்துக்கு நைலான் கட்டாயம் வேண்டும். கறுப்பும் கருநீலமும் கிடையாது, மங்கலான விளக்கில் கண்ணியே தெரியாது. கோடு தானாக விழும்படி சாயம் ஏற்றிய நூல் பயணத்துக்கு மிக வசதி. கோடுகளை எண்ணினாலே நீளம் தெரிந்துவிடும், சுற்று எண்ணும் கருவி வேண்டாம். இரண்டாவது சாக்ஸை அதே நிறத்தில் தொடங்கினால் ஜோடியும் பொருந்தும்.

சிட்டமாக, அதாவது நீண்ட வளையமாக, வரும் நூலைக் கிளம்பும் முன்பே சுற்றி வைத்துவிட வேண்டும். சிட்டத்தை விரித்துப் பிடிக்கும் சக்கரம் பெட்டியில் வராது, நாற்காலி முதுகில் மாட்டிச் சுற்றினால் ஒரு மாலை நேரம் போய்விடும். 100 கிராமைத் தராசில் வைத்து ஐம்பது ஐம்பதாக இரண்டு கண்டுகளாகப் பிரித்தேன். ஒரு சாக்ஸுக்கு ஒரு கண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டு, நூலின் அட்டையைப் படமெடுத்துக்கொண்டு, அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். சாயத் தொகுதி எண்ணும் துவைக்கும் முறையும் படத்தில் இருக்கின்றன.

எத்தனை ஜோடிக்கு நூல் எடுப்பது? வாரத்துக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி. அந்தக் கணக்கில் வந்த எண்ணிக்கையில் பாதியைத்தான் எடுத்தேன். போகும் இடத்திலும் நூல் கிடைக்கும், அதை வாங்காமல் வரப் போவதும் இல்லை. நான்கு கட்டு சாக்ஸ் நூல், ஒரு கட்டு லேஸ் நூல், ஊசிகள், சில்லறைச் சாமான்கள். தராசு 600 கிராமைத் தாண்டவில்லை.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கைந்து குட்டை ஊசிகளில் பின்னுவது எனக்குப் பிடித்த முறைதான், ஆனால் ஒன்று நழுவி இருக்கைக்கு அடியில் உருண்டால் அன்றைய வேலை அதோடு சரி. 23 செ.மீ. வட்ட ஊசியில் சுற்று நிற்காமல் ஓடும், ஆனால் அதன் முனைகள் மிகக் குட்டை, நெடுநேரம் பிடித்தால் விரல் வலிக்கிறது. 80 செ.மீ. கேபிள் கொண்ட ஒரே வட்ட ஊசியில், கேபிளைப் பாதியில் வெளியே இழுத்துப் பின்னும் மேஜிக் லூப் முறையைத்தான் பயணத்துக்கு வைத்துக்கொண்டேன். ஊசி கண்ணியை விட்டு வெளியே வந்தாலும் கேபிள் கண்ணிகளைத் தாங்கிக்கொள்ளும். யாராவது கூப்பிட்டால் கண்ணிகளைக் கேபிளுக்குத் தள்ளிவிட்டு அப்படியே பைக்குள் போடலாம்.

அளவு 2.25 மி.மீ. அதே அளவில் இரண்டு ஊசிகள், இரண்டும் ஒரே உலோகம். மூங்கில் ஊசிக்கும் உலோக ஊசிக்கும் என் கை ஒரே இறுக்கம் தருவதில்லை. ஒரு சாக்ஸ் மூங்கிலிலும் மற்றது உலோகத்திலும் வந்தால் ஜோடியில் ஒன்று தளர்ந்து நிற்கும். இந்தத் தடிமனில் மூங்கில் சட்டென்று முறியவும் செய்யும்.

மாதிரி பின்னி அளவு பார்ப்பதும் கிளம்புவதற்கு முன்புதான். தட்டையாகப் பின்னாமல் சுற்றாகவே பின்னிப் பார்க்க வேண்டும், நேர்ப்பின்னலான நிட்டுக்கும், தட்டையில் மறுபக்கம் வரும் எதிர்ப்பின்னலான பர்லுக்கும் கையின் இறுக்கம் மாறும். எனக்கு 10 செ.மீ.க்கு 32 கண்ணி, 44 சுற்று வந்தது. பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 23 செ.மீ. சாக்ஸ் காலைப் பிடித்து நிற்க வேண்டுமானால் பத்து சதவீதம் சிறியதாக இருக்க வேண்டும், ஆகவே 20.7 செ.மீ. அதை 3.2-ஆல் பெருக்கினால் 66. நான்கால் வகுபடும் எண்ணாக 64. இந்த எண்களையும், யார் யாருக்குப் பின்னுகிறேனோ அவர்களுடைய பாத நீளம், சுற்றளவையும் ஒரு தடித்த அட்டையில் எழுதி நூல் பைக்குள் போட்டேன். கைப்பேசியிலும் இருக்கிறது, ஆனால் கையில் ஊசியோடு திரையைத் தடவுவது எரிச்சலான காரியம்.

விமான நிலையத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை விதிகளின்படி பின்னல் ஊசியைக் கைப்பையில் கொண்டுபோகலாம். கத்தரிக்கோலில் அச்சாணியிலிருந்து முனை வரை 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கத்தரிக்கோல் அலகு 6 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. கழுத்தில் தொங்கவிடும் வட்டமான நூல்வெட்டி அழகாக, அப்பாவியாகத் தெரியும். அதற்குள் பிளேடு இருப்பதால் அமெரிக்காவில் அதைக் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான் போட வேண்டும். விமான நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு விதி மாறும், கடைசி வார்த்தை சோதனையில் நிற்கும் அதிகாரியுடையது. திரும்பி வரும் வழியில் இருக்கும் நிலையங்களின் விதியையும் பார்த்துவிடுவது நல்லது. போகும்போது அனுமதித்த ஊசியை வரும்போதும் அனுமதிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஊசி போனாலும் பின்னியது போகக்கூடாது என்பதற்கு எளிய வழி உண்டு. சோதனைக்கு முன் ஒரு சுற்றின் எல்லாக் கண்ணிகளிலும் மெல்லிய வழுக்கு நூல் ஒன்றைக் கோத்துவிட்டால், ஊசியை உருவிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக நடக்கலாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் இதற்குக் கச்சிதம். அந்த டப்பாவில் உள்ள சின்ன வெட்டுப் பல் சாக்ஸ் நூலையும் வெட்டும் என்பதால் கத்தரிக்கோலே வேண்டாம். இரண்டாவது ஊசியை எப்போதும் பெட்டியில் போடுகிறேன். ஒன்று பறிபோனாலும் போய்ச் சேர்ந்ததும் மற்றது இருக்கும்.

கிளம்பும் முன் இரண்டு ஜோடிக்குக் கண்ணி ஏற்றி, முறுக்கிக்கொள்ளாமல் சுற்றாக இணைத்து, மேல் விளிம்பில் நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் பட்டையையும் முடித்து வைத்தேன். 64 கண்ணியை இடிபடும் இருக்கையில் ஏற்றி இணைப்பது வீண் பிடிவாதம். இணைத்த இடத்துக்கு மேல் ரிப் ஓரிரண்டு செ.மீ. வளர்ந்துவிட்டால் அப்புறம் எங்கே வேண்டுமானாலும் பின்னலாம். விமானத்தில் முதல் ஜோடியின் கால்பகுதி மட்டும். வெறும் நிட், நிட், நிட். முன்னிருக்கைக்காரர் சாய்ந்தால்கூட முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துப் பின்ன முடிகிறது.

இங்கே ஒரு விஷயம்: விமானத்திலிருந்து இறங்கிய கையோடு சாக்ஸைக் காலில் போட்டு அளவு பார்க்க வேண்டாம். நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் பாதம் வீங்கும். அந்தக் காலுக்குச் சரியாக இருப்பது மறுநாள் தொளதொளக்கும். அட்டையில் எழுதிய எண்ணையே நம்பலாம்.

குதிகால்தான் சாக்ஸின் மூளை. தங்கும் இடத்துக்கு வந்து, ஒரு இரவு தூங்கி எழுந்து, பகல் வெளிச்சத்தில்தான் அதைத் தொட்டேன். 64-இல் பாதி, 32 கண்ணி, குதிகால் பட்டைக்கு. மேல்பாதத்துக்கு உரிய 32 கேபிளில் சும்மா இருக்கும். பட்டையை முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்ன வேண்டும். நேர்ப்பக்கத்தில் ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்தி அடுத்ததை நிட் செய்வதை வரிசை முழுக்கத் தொடரலாம். மறுபக்கத்தில் முதல் கண்ணியை நகர்த்திவிட்டு மற்றதெல்லாம் பர்ல். நகர்த்திய கண்ணிகளுக்குப் பின்னால் நூல் ஓடுவதால் அந்த இடம் இரட்டைத் தடிமனாகும். செருப்பும் ஷூவும் உரசுவது அங்கேதான்.

அடுத்து திருப்பம். நேர்ப்பக்கத்தில் 18 நிட், இரண்டை ஒன்றாக்கி, இன்னொரு நிட், திருப்ப வேண்டும். மறுபக்கத்தில் ஒன்றை நகர்த்தி, 5 பர்ல், இரண்டை ஒன்றாக்கிப் பர்ல், இன்னொரு பர்ல், மறுபடி திருப்பல். இதற்குப் பிறகு எண்ண வேண்டியதே இல்லை. முந்தைய வரிசை திரும்பிய இடத்தில் கண்ணிகளுக்கு நடுவே ஒரு பிளவு தெரியும். முதல் கண்ணியை நகர்த்தி, பிளவு வரை பின்னி, அதன் இரு புறமும் உள்ள கண்ணிகளை ஒன்றாக்கி, கூடுதலாக ஒன்று பின்னித் திருப்பினால் போதும். கடைசி இரண்டு வரிசையில் அந்தக் கூடுதல் கண்ணி இருக்காது, ஒன்றாக்கியதும் திருப்பிவிடலாம். முடிவில் 18 கண்ணி நிற்கும், தட்டையாக இருந்த பட்டை கிண்ணமாகக் குழிந்திருக்கும். எத்தனை முறை செய்தாலும் அது எப்படிக் குழிகிறது என்று ஒரு கணம் பார்க்கத் தோன்றுகிறது.

பட்டையின் இரு ஓரங்களிலும் பதினாறு பதினாறாகக் கண்ணி எடுத்தால் மொத்தம் 82. மேல்பாதத்தின் இரு பக்கத்திலும் ஒவ்வொன்றாக, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைத்தால் 18 சுற்றில் 64-க்கு இறங்கிவிடும். இந்தப் பகுதியைத் தயங்காமல் வெளியே எடுத்துப் போகலாம். முதல் மூன்று நாலு சுற்று மட்டும் மேசையில் முடித்துவிடுவேன், மூலையில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ள.

ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்த வாரங்களில் மேசை கிடைக்கவில்லை. அப்போது இரண்டாவது ஜோடியை வேறு வழியில் கொண்டுபோனேன். குதிகால் வர வேண்டிய இடத்தில் 32 கண்ணியை மட்டும் வேறு நிற வேண்டாத நூலால் பின்னி, அதே 32-ஐ மீண்டும் சாக்ஸ் நூலால் பின்னிவிட்டுக் குழாயாகவே பாதத்தைத் தொடர்ந்தேன். பிறகு ஓய்வாக அந்த வேண்டாத நூலை உருவினால் ஒரு பக்கம் 32, மறுபக்கம் 31 கண்ணி திறந்து நிற்கும். மூலைகளில் ஒன்றிரண்டு எடுத்துச் சமப்படுத்தி, விரல் முனை போலவே குறைத்துக்கொண்டே போனால் குதிகால். நூலை முன்கூட்டி வைக்காமல், பின்னி முடித்த துணியில் ஒரு கண்ணியையே வெட்டித் திறக்கும் துணிச்சலான வடிவத்தைப் பரப்பியவர் பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மன். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை, வேண்டாத நூலே போதும். உயரமான மேல்பாதம் உள்ளவர்களுக்கு இந்தக் குதிகால் கொஞ்சம் இறுக்கும். பொருத்தத்தில் பட்டையும் கஸெட்டும்தான் மேல். பயண வசதியில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

பாதத்தை எங்கே நிறுத்துவது என்பதற்கும் அட்டையில் எண் இருக்கிறது. பாதம் 24 செ.மீ. என்றால் சாக்ஸ் 23. விரல் முனைக்கு 20 சுற்று, அதாவது நாலரை செ.மீ. ஆகவே குதிகாலின் பின்புறத்திலிருந்து 18.5 செ.மீ. வந்ததும் குறைக்கத் தொடங்கலாம். சுற்றுக்கு நான்காக, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, 32 வரை. பிறகு எல்லாச் சுற்றிலும், 16 வரை. எட்டு எட்டாக இரண்டு ஊசியில் நிற்பதைத் தைத்து மூடும் கிட்ச்னர் முறைக்கு அட்டையின் பின்புறம் நான்கே வரி: முன் ஊசியில் நிட் போல நுழைத்து இறக்கு, அடுத்ததில் பர்ல் போல நுழைத்து விடு; பின் ஊசியில் பர்ல் போல நுழைத்து இறக்கு, அடுத்ததில் நிட் போல நுழைத்து விடு. ஒவ்வொரு முறையும் இது மறந்து போகிறது, எனக்கு மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

விரல் முனையிலிருந்து மேலே பின்னினால் இந்தத் தையலே வேண்டாம். 2006-இல் ஜூடி பெக்கர் நிட்டி இணைய இதழில் வெளியிட்ட, விரல் முனையில் கண்ணி ஏற்றும் மேஜிக் கேஸ்ட் ஆன் முறை வந்த பிறகு அது மிகச் சுலபமாகிவிட்டது. நூல் தீரும் வரை காலை உயர்த்திக்கொண்டே போகலாம் என்பதும் லாபம். ஆனால் ஒவ்வொரு சாக்ஸும் கவனம் தேவைப்படும் இடத்திலேயே தொடங்குகிறது. எனக்கோ அவசரமாகக் கிளம்பும்போது கையில் எளிய பகுதி இருக்க வேண்டும்.

முடிந்த சாக்ஸைக் குளியலறைத் தொட்டியில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு, பிழியாமல் அலசி, துண்டில் சுருட்டி மிதித்துவிட்டுத் தட்டையாக உலர்த்தினேன். ஹீட்டரின் மேல் நேராகப் போடாமல் இருந்தால் போதும்.

லேஸ் சால்வையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் நிலையாகத் தங்கிய நாட்களில் மட்டும் அது வெளியே வந்தது, கால்வாசி வளர்ந்தது. எடுத்துப் போனதில் வருத்தம் இல்லை. சாக்ஸ் சலிக்கும் நாட்கள் உண்டு, அன்று வேறு மாதிரி ஒன்று வேண்டும். ஆனால் ஒன்று போதும். இரண்டாவது ஆடம்பர வேலை என்பது வெறும் எடை.

எடை என்றதும் ஒன்று. பின்னப் பின்ன நூல் தீரும், பெட்டி லேசாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். நூல் கண்டிலிருந்து சாக்ஸுக்கு இடம் மாறுகிறதே தவிர கிராம் எங்கும் போவதில்லை. போகிற இடத்தில் யாருக்காவது கொடுத்தால்தான் குறையும். முதல் இரண்டு ஜோடிகளை எங்களைத் தங்க வைத்தவர்களின் கால் அளவுக்கே திட்டமிட்டதற்கு அன்பு ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

ஒவ்வொரு ஜோடிக்கும் 100 கிராமில் முப்பது மிஞ்சுகிறது. ஒரு ஜோடியின் குதிகாலுக்கும் விரல் முனைக்கும் தேவைப்படுவது சுமார் 13 கிராம்தான். ஆகவே ஒரு ஜோடியின் மிச்சம் இரண்டு ஜோடிக்கு வேறு நிறக் குதிகாலும் முனையும் தரும். பெரிய பாதத்துக்கு 72 கண்ணி வைத்துப் பின்னும்போது 100 கிராம் போதுமா என்று நகம் கடிக்க வேண்டியிருக்கும். மிச்ச நூலில் குதிகாலையும் முனையையும் போட்டால் அந்தப் பயம் இல்லை. அங்கே வாங்கிய நூல் ஒரே ஒரு கட்டு, சாம்பல் நிறம். அதில் தொடங்கிய பெரிய ஜோடிக்குக் குதிகால் பச்சை, விரல் முனை மஞ்சள். முதல் சாக்ஸ் முடிந்ததும் மிச்சத்தை எடை போட ஆசைதான், தராசை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அடுத்த முறை கடிதம் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றும் நூல் பையில் போகும்.